பார்த்துக் கொடுத்த சம்பளம்

1

நான் ரங்கூன் என்கிற யாங்கோனுக்கு வந்து இறங்கிய தேதி வருஷா வருஷம் இரண்டு காரியங்களைக் கூட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு என் வீட்டுக்காரர் பபேடான் கடைத்தெருவிலிருந்து ஜிலேபி வாங்கி வருவார். அதே வாரத்தில் என் தங்கும் அனுமதியும் முடியப் போகும். அந்த ஜிலேபியை நான் நிம்மதியாகத் தின்றதாக ஞாபகமே இல்லை.

வீட்டுக்காரரும் மகனும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் மட்டும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டை இரும்புப் பெட்டியில் வைத்திருப்பவள். கல்யாணமான புதிதில் கணவர் பெயரில் அனுமதி வாங்கப் பார்த்தோம். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது, கடைசி மேசை முதல் மேசையைக் காட்டியது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. "இவர் எங்களுக்குத் தேவை" என்று பள்ளி முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஒரு வருஷம் இருக்கலாம். அவர் போடாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கையெழுத்துக்காக அவர் அறை வாசலில் நிற்கிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஊரில் பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால் பக்கத்து சீட்டு அக்காவிடம் சொல்லிக் கேட்கச் சொல்வேன். அந்த அக்கா இறங்கிவிட்டால் சில்லறையும் போச்சு.

இந்த வருஷம் அந்த வாரத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஆசிரியர் அறையில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டேனியல் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டான்.

டேனியல் வெள்ளைக்காரப் பையன், போன வருஷம்தான் சேர்ந்தான். சம்பளத்தைப் பீற்றிக்கொள்ளவில்லை பாவம், அலுத்துக்கொண்டான். "இதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்ன செய்வது? நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று தொகையைச் சொல்லிக் கேட்டான். எதிரே உட்கார்ந்திருந்த சக டீச்சர் எஸ்தர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். நான் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அது.

அவனும் நானும் ஒரே வகுப்புக்கு ஒரே கணக்குப் பாடத்தைத்தான் நடத்துகிறோம். ஒரு பிரிவு எனக்கு, மற்றது அவனுக்கு. இரண்டு பிரிவுக்கும் கேள்வித்தாள் தயாரிப்பது நான். கொஞ்ச நாளைக்கு முன்பு வட்டத்துக்குள் முக்கோணம் வரும் கணக்கு ஒன்று பிடிபடவில்லை என்று என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போனான். நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபம் வர நேரமாகும், அதற்குள் பயம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும்.

2

சம்பளம் பேசுவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பா. பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பி.எட். முடித்ததும் சிவகங்கைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி இன்டர்வியூவுக்கு என்னைக் கூட்டிப் போனார்.

"என்னம்மா, எவ்வளவு எதிர்பாக்குறே?" என்று தாளாளர் என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது அப்பா.

"அதெல்லாம் நீங்க பாத்துச் செய்யுங்க சார். உங்க பிள்ளை மாதிரி."

வெளியே வந்ததும் அப்பாவுக்கு ஏகப் பெருமை. "தொகையை நம்ம வாயால சொல்லிட்டா மரியாதை போயிரும்த்தா. அவரே பாத்துக் குடுக்கட்டும்" என்றார். எங்கள் பக்கம் அப்படித்தான். தச்சரும் அப்படித்தான் சொல்வார், மேளக்காரரும் அப்படித்தான் சொல்வார். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்வது கூச்சம். கொடுப்பவரும் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஓரளவு நியாயமாகக் கொடுத்துவிடுவார். ஓரளவுதான். அதே பள்ளியில் என்னோடு சேர்ந்த ஆண் வாத்தியாருக்கு என்னைவிட அதிகம் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் குடும்பஸ்தராம்.

கல்யாணமாகி இங்கே வந்து, பர்மியப் பேச்சு கொஞ்சம் காதில் ஏறிய பிறகு இந்தப் பள்ளிக்கு வந்தேன். முதலாளி டோ டின். டோ என்பது வயதில் மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். டோ டின் அம்மா சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பட்டு லுங்கி, கொண்டையில் எப்போதும் ஒரு பூ.

பெயரைக் கேட்டார். "கலைச்செல்வி. வீட்டில் கலா என்பார்கள்" என்றேன். பக்கத்தில் இருந்த அலுவலகப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இந்த ஊரில் 'கலா' என்றால் இந்தியச் சாயல் உள்ளவன் என்று அர்த்தம், அவ்வளவு மரியாதையான வார்த்தையும் இல்லை. என் வாயாலேயே என்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறேன். டோ டின் மட்டும் சிரிக்கவில்லை. "இங்கே நீங்கள் சயாமா செல்வியாகவே இருங்கள்" என்றார். சயாமா என்றால் டீச்சரம்மா. அன்றோடு என் பெயரில் பாதி போயிற்று.

பிறகு ஆங்கிலத்தில் கேட்டார், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று. அப்பாவின் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். நீங்களே பார்த்துக் கொடுங்கள் மேடம்.

டோ டின் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார்.

தொகையைச் சொல்லிவிட்டு "ஆனாதே" என்றார். நான் காத்திருந்தேன். 'ஆனா' என்று ஆரம்பித்தால் பின்னால் ஏதாவது வர வேண்டுமே, நம் காது அப்படித்தானே பழகியிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. அது முழு வார்த்தை என்பதும், ஒருவரைச் சங்கடப்படுத்துகிறோமே என்று கூசும்போது பர்மியர்கள் சொல்வது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. நான் பேசாமல் இருக்க இருக்க அவர் நெளிந்தார். வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் பதறிப்போய் "சரி மேடம், ரொம்ப நன்றி மேடம்" என்று முடித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தொகை ஏறியிருக்கும் என்று எஸ்தர் இன்றைக்கும் திட்டுகிறாள்.

டேனியல் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்துக் கொடுங்கள் என்று நான்தானே சொன்னேன். அந்த அம்மா பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்.

3

எஸ்தர் கானா நாட்டுக்காரி. எங்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். இரண்டு மகள்கள் ஊரில் அவள் தங்கையிடம் வளர்கிறார்கள். இவள் இங்கே ஒற்றை அறையில் இருந்துகொண்டு அவர்களைப் படிக்க வைக்கிறாள். நான் நல்ல கறுப்பு, எஸ்தர் என்னைவிடக் கறுப்பு.

எங்கள் சிநேகம் ஒரு அசட்டுக் கேள்வியில் ஆரம்பித்தது. பள்ளி வாசலில் வடை விற்கும் அம்மா அவளை 'கப்பலி சயாமா' என்று சொல்வதைக் கேட்டேன். கப்பலில் வந்தவள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் மரியாதையாக அவளிடமே கேட்டேன், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வர எத்தனை நாள் ஆயிற்று என்று.

"நான் விமானத்தில் வந்தேன். ஏன்?"

விவரத்தைச் சொன்னேன். அவளுக்கு அந்த வார்த்தை ஏற்கெனவே தெரியும். கறுப்பு மனிதர்களுக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் அது, கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் என்ன நினைத்தேன் என்று புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் கரையில் அடிமையாகக் கப்பல் ஏறியவர்கள் யாரும் திரும்பி வரவில்லை செல்வி" என்றாள். என் வீட்டுக்காரரின் பாட்டனார் கப்பலில் வந்தவர்தான் என்று மட்டும் சொன்னேன்.

டேனியல் வாயைத் திறந்த அன்று எஸ்தர் என்னைப் பின்பக்கத்து மாடிப்படிக்கு இழுத்துப் போனாள்.

"உனக்கு எவ்வளவு?"

பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத தொகையை அவள் காதில் சொன்னேன். அவள் தன்னுடையதைச் சொன்னாள். என்னுடையதைவிடக் குறைவு. அவள் எம்.ஏ. படித்தவள், என்னைவிட அதிக வருஷம் பாடம் நடத்தியவள்.

"பெயின்ட் கடையில் ஒரு அட்டை தருவார்களே, மேலே வெளுப்பு, கீழே போகப் போகக் கறுப்பு. அந்த அட்டைதான் இங்கே சம்பளப் பட்டியல்" என்றாள். "நாம் போய்க் கேட்கப் போகிறோம். சேர்ந்து போவோம். தனித்தனியாகப் போனால் தனித்தனியாகத் துரத்துவார்கள்."

வேண்டாம் என்றேன். அடுத்த நாளும் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. இடைவேளையில் அதே படியில் என்னை நிறுத்தி ஒத்திகை வைத்தாள். அவள் டோ டின், நான் நான்.

"எவ்வளவு வேண்டும் சயாமா?"

"வந்து... உங்களுக்கு முடிந்தால்..."

"முடிந்தாலா? டேனியல் முடிந்தால் என்றா கேட்டான்? தொகையைச் சொல்."

வகுப்பில் எத்தனை பெரிய எண்ணையும் கூசாமல் சொல்பவள் நான். எனக்கு வேண்டும் என்று சேர்த்துச் சொல்லும்போது குரல் கீச்சென்று போகிறது.

"மறுபடி. சிரிக்காதே. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்காதே, நீ என்ன குற்றம் செய்தாய்? தொகையைச் சொல், சொல்லிவிட்டு வாயை மூடு. அடுத்து யார் பேசுகிறார்களோ அவர்கள்தான் இறங்கி வர வேண்டும்."

4

நிறத்துக்கு விலை போடுவதை நான் பர்மாவில் முதல்முறை பார்க்கவில்லை. ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகர் ஒவ்வொரு வீட்டிலும் "பொண்ணு தங்கமான குணம், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று இழுப்பார். உடனே அந்த வீட்டுக்காரர்கள் பவுனை ஏற்றுவார்கள். அப்பாவால் முடியவில்லை. அப்போதுதான் ரங்கூனில் பையன், பூர்விகம் நம்ம பக்கம், பெண் நம் சனமாக இருந்தால் போதும் என்று ஒரு ஜாதகம் வந்தது. நிறத்தைக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கடல் தாண்டிக் கொடுத்தார்கள். ஊரில் நிறத்துக்காகப் பவுனைக் கூட்டினார்கள், இங்கே வந்தால் சம்பளத்தில் கழிக்கிறார்கள். எப்படியும் கட்டுவது நாங்கள்தான்.

மாப்பிள்ளை நல்லவர். அதில் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் முருகேசன், வெளியே பர்மியப் பெயரில் கோ மின். பருப்பு, உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு தரகுக் கடையில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறார். நீங்கள் ஊரில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்து அவர் கண்ணில் பட்டு வந்ததாகக்கூட இருக்கலாம்.

எங்களுக்கு ஒரே மகன், சித்து. இரண்டு மொழியிலும் செல்லுபடியாகும் பெயர் என்று யோசித்து யோசித்து வைத்தோம். பெயரோடு சரி. நான் தமிழில் கேட்பேன், அவன் பர்மியத்தில் பதில் சொல்வான். என்னை 'அமே' என்றுதான் கூப்பிடுவான். அதுவும் அம்மாதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். கனவுகூட பர்மியத்தில்தான் காண்கிறான் போல, தூக்கத்தில் அவன் உளறுவது எனக்குப் பாதிதான் புரிகிறது.

அவனுக்கு இப்போது பதினேழு. முன்பெல்லாம் பையனுக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால் தலையைக் கோதிவிட்டுப் பெருமையாகச் சொல்வேன். இப்போது தாமுவே சந்தையில் கீரைக்காரம்மா கேட்டாலும் காதில் விழாத மாதிரி கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன். பதினெட்டானால் கட்டாயப் பட்டாளத்துக்குப் பெயர் வரலாம். எதிர் வீட்டுப் பையனுக்கு வந்தது. அவன் அம்மா இப்போது வாசல் பக்கம் வருவதே இல்லை. வார்டு ஆபீசிலிருந்து யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் நான் சமையலறையில் அசையாமல் நிற்கிறேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வருஷக் கட்டணத்தை முழுக்கக் கட்டிய ரசீது இருந்தால்தான் மற்ற காகிதங்கள் நகரும். நானும் அவரும் வாங்குகிற சம்பளத்தில் அது பதினெட்டுக்குள் சேராது. டேனியல் வாங்குவதை நான் வாங்கினால் சேர்ந்துவிடும். என் பயத்தை மீறி நான் எஸ்தரோடு படிக்கட்டில் நின்றேன் என்றால் இதனால்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? உன் கடுதாசி அந்த அம்மா மேசைல கெடக்கு. இப்பப் போயி சம்பளம் கேக்குறியா?"

"எஸ்தரும் வர்றா."

"அவ இங்க ஒண்டிக்கட்டை, இந்த ஊரு இல்லாட்டி இன்னொரு ஊரு. நாம அப்படியா? எங்கப்பாரு சொல்லுவாரு, நம்ம சனம் இங்க யாரு கண்ணுலயும் படாம பொழைக்கணும்னு. கண்ணுல பட்டவன் கடையெல்லாம் சர்க்காரு பிடுங்கிக்கிட்டத அவரு பாத்தவரு."

"சித்துக்கு வேற வழி சொல்லுங்க. நான் கேக்கலை."

அவர் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

5

டோ டின் எங்களை உட்கார வைத்து டீயும், இங்கே விருந்தாளிக்கு வைக்கும் ஊறிய தேயிலைக் கலவையும் வரவழைத்தார். எஸ்தர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். டேனியலின் தொகையைச் சொன்னாள், எங்களுக்கும் அதே வேண்டும் என்றாள், வாயை மூடிக்கொண்டாள். டோ டின் என் பக்கம் திரும்பினார். நானும் சொன்னேன். குரல் கீச்சென்றுதான் வந்தது, ஆனாலும் முழுத் தொகையையும் சொல்லிவிட்டேன்.

டோ டின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானா வித்தியாசம் பார்க்கிறேன்? காலையில் வாசலில் டேனியல் நின்றால் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களின் முகம் மலர்கிறது. நான் என்ன செய்ய?"

"உள்ளே யார் பாடம் நடத்துகிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லையா?" என்றாள் எஸ்தர்.

"ஆனாதே, ஆனாதே" என்றார் டோ டின். "யோசித்துச் சொல்கிறேன்."

நாங்கள் எழுந்தோம். வாசல் வரை போனதும் "சயாமா செல்வி, ஒரு நிமிஷம்" என்று என்னை மட்டும் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இப்போது பர்மியத்தில், இன்னும் மெதுவாகப் பேசினார்.

"நீங்கள் எங்கள் ஊர் மருமகள். உங்களை அந்நியமாக நினைக்க முடியுமா? டேனியலுக்குத் தருவதை அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்கும் தருகிறேன். உங்கள் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எஸ்தருக்கு இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நான் நீட்டிக்கப் போவதில்லை. அதுவரை அவரிடம் எதுவும் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமை சம்மதம் சொல்லுங்கள், போதும்."

எஸ்தர் படிக்கட்டில் காத்திருந்தாள். "என்ன சொன்னாள்?" என்று கேட்டாள். அனுமதிக் கடிதம் பற்றி என்றேன். அது பொய்யும் இல்லை.

பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. மகன் தப்பித்துவிடுவான் என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை என்று முதலில் நினைத்தேன்.

6

வீட்டுக்காரரிடம் கிசுகிசுவென்று சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"பெருமாளா பாத்துக் குடுத்தது. வாங்கிக்க. அந்த எஸ்தரம்மாவுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

எங்கள் வீட்டில் சுவர் என்பது பலகைத் தடுப்புதான். சித்து தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்து நின்றான். திருச்சிக் கல்லூரிக்காக அவன் எழுத வேண்டிய ஆங்கிலக் கட்டுரையை எஸ்தர்தான் சனிக்கிழமைதோறும் உட்கார வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு காசு வாங்கவில்லை.

"அமே, எஸ்தர் சயாமாவ அனுப்பிருவாங்களா?"

தமிழில் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு அது எதுக்கு? நீ போய்ப் படி."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சனிக்கிழமை அவங்க வந்தா நான் எப்படி உக்காருவேன்? மூஞ்சிய எங்க வைக்கிறது?" என்றான். தமிழ் அதோடு தீர்ந்துவிட்டது, மீதியைப் பர்மியத்தில் கொட்டினான். எனக்காக என்று சொல்லாதே அமே, நீ சம்மதித்தால் அது உன் முடிவு, என் தலையில் வைக்காதே என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கரண்டியைத் தரையில் அடித்தேன். "உன் தலைல வைக்காம வேற யாரு தலைல வைக்க? பேர் வந்தா என்னடா பண்ணுவே? எதிர் வீட்டைப் பாத்தேல்ல? நீ இருக்கணும்டா எனக்கு. அதுக்காக நான் யாரை வேணாலும் விட்டுருவேன்" என்று கத்தினேன். வீட்டுக்காரர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

சித்து பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கும் பயந்தான் அமே" என்றான். "தினம் பயந்தான்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மீசை அரும்பிய பிறகு அவன் கையைப் பிடிக்க விட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கத்துவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்கிக்கொள்" என்றாள். "நீ வேண்டாம் என்று சொன்னால் எனக்கு ஒரு காசு ஏறப் போகிறதா? பையன் முதலில் வெளியே போகட்டும்."

"நீ?"

"எனக்கு இது புதிதில்லை செல்வி. எல்லா ஊரிலும் என்னைவிடக் கொஞ்சம் வெளுத்த ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவர்கள் யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. நீ சொன்னாய்."

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். பிறந்ததிலிருந்து கறுப்பு கறுப்பு என்று கேட்டு வளர்ந்தவளை ஒருவர் வெளுப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

7

முடிவு தெரிந்த பிறகு இதை எழுதலாம் என்று இருந்தேன். இன்றைக்கு வரை தெரியவில்லை. என் அனுமதி முடிய இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. எழுதாமல் சும்மா இருந்தால் படியில் கேட்கும் காலடிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறேன், அதற்கு இது மேல்.

வெள்ளிக்கிழமை டோ டின் அறைக்குச் சம்மதம் சொல்லத்தான் போனேன். பெரிய தைரியசாலியாக என்னைக் காட்டிக்கொள்ள மாட்டேன். கதவைத் தட்டும் வரைக்கும் சரி என்றுதான் சொல்வதாக இருந்தேன். வார்த்தைகளை பஸ்ஸிலேயே பர்மியத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

என் கடிதம் மேசைமேல் இருந்தது. டோ டின் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரித்த முகமாக "உட்காருங்கள் சயாமா" என்றார். நான் உட்கார்ந்ததும், "ஒரே ஒரு உதவி" என்றார். "எஸ்தர் போன பிறகு பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்மேல் பிரியம் அதிகம். ஊரில் மகளுக்கு உடம்பு சரியில்லை, அவராகவே போய்விட்டார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்."

அவளுடைய மகள்களின் போட்டோவை எஸ்தர் எனக்குக் காட்டியிருக்கிறாள். இரண்டும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். அவள் பெற்ற பிள்ளைக்கு நோவு வந்ததாக நான் என் வாயால் சொல்ல வேண்டும். என் பிள்ளை நன்றாக இருப்பதற்காக.

அடுக்கி வைத்திருந்த பர்மியம் அத்தனையும் கலைந்து போயிற்று. "எஸ்தரிடம் நான் சொல்லிவிட்டேன்" என்றேன். டோ டின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் தொடர்ந்தேன். எனக்குத் தருவதாகச் சொன்னதை அவருக்கும் கொடுங்கள், அவருடைய ஒப்பந்தத்தையும் நீட்டியுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்றேன். தொகையைச் சொன்னேன். குரல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டோ டின் பேனாவுக்கு மூடி போட்டார். என் கடிதத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். என்னை மெதுவாக, நிதானமாகப் பார்த்தார்.

"சயாமா, உங்கள் மகனுக்கு இப்போது என்ன வயது?"

அக்கறையாகக் கேட்டாரா, பட்டாளத்தை ஞாபகப்படுத்தக் கேட்டாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பூ, அந்த மெல்லிய குரல், எல்லாம் எப்போதும் போலவே இருந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அவர் காலில் விழுந்துவிடலாமா என்றும் நினைத்தேன்.

"பதினேழு" என்றேன்.

பிறகு தொகையை இன்னொரு தடவை சொன்னேன்.